முடி ஊறும் நேரம்

முடியைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு சாதிக் பாய் உள்ளே போய்விட்டார். இனி முக்கால் மணி நேரம் நான் செய்வதற்கு ஒன்றுமில்லை. பசை கரைய அது ஊற வேண்டும், பிறகு அலச வேண்டும், காய வேண்டும், சீவ வேண்டும், அதற்கப்புறம்தான் என் தலையில் திரும்ப ஒட்டுவார். மூன்று வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அசோக் நகரில் செல்போன் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில், மூன்று பக்கமும் திரை போட்ட ஒரு தடுப்புக்குள் நான் இருபத்தொன்பது வயது வழுக்கைத் தலையனாக உட்கார்ந்திருப்பேன். மற்ற நேரமெல்லாம் எனக்கு முடி உண்டு. பக்கவாட்டில் வகிடு எடுத்த, நெற்றியில் கொஞ்சம் விழுகிற, யாரும் ஒரு குறை சொல்ல முடியாத முடி. வழக்கமாகப் பாய் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் போவார். இன்று கூட்டம், மறந்துவிட்டார். காலால் ஓர் உந்து உந்தினால் நானே திருப்பிக்கொள்ளலாம். உந்தவில்லை. எதிரே கண்ணாடி, மேலே இரண்டு டியூப்லைட், நடுவில் என் தலை. பசை இருந்த இடம் மட்டும் வளையமாகச் சிவந்திருக்கிறது. கல்யாணத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது, மாரீஸ்வரிக்கு இந்தத் தலையைப் பற்றி ஒன்றுமே தெரியாது, இன்றைக்குள் அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று காலையில் பல் தேய்க்கும்போது முடிவு செய்தேன். நேற்றும் பல் தேய்க்கும்போது இதே முடிவுதான் செய்தேன்.

பக்கத்துத் தடுப்பில் யாரோ இருமுகிறார்கள். இங்கே யாரும் யாரையும் பார்ப்பதில்லை. பார்க்கக் கூடாது என்று எழுதி ஒட்டவில்லை, இருந்தாலும் அப்படித்தான். மாடிப்படியில் எதிரெதிரே வந்துவிட்டால் இரண்டு பேருமே செல்போனை எடுத்துக்கொள்வோம். ஏறுகிறவன் தலையில் தொப்பி இருக்கும், இறங்குகிறவன் தலை கொஞ்சம் நிமிர்ந்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். ஒருமுறை எங்கள் மேனேஜரின் செருப்பைப் போலவே ஒரு ஜோடி வாசலில் கிடந்தது. அவராக இருக்காது என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன். அவரும் என் ஷூவைப் பார்த்து அப்படியே நம்பியிருக்கலாம். காலையில் மின்சார ரயிலில் கம்பியைப் பிடித்து நிற்கிற ஆண்களில் எத்தனை தலை சொந்தத் தலை என்று பார்ப்பது எனக்கு ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. நேசப்பாக்கத்தில் என்னோடு வீடு எடுத்துத் தங்கியிருக்கிற ஜெபராஜ் கண்ணாடி முன்னால் நின்று மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே வைத்துக்கொண்டுதான் வெளியே கிளம்புவான், வீட்டுக்கு வந்துதான் மூச்சை விடுவான். அதே வீட்டில் இருக்கிற, ஜிம்முக்குப் போகிற அசார் தோள்பட்டையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவான். நான் முடியை ஒட்டிக்கொள்கிறேன். என் வேலையும் சேர்ந்து சதி செய்கிறது. நான் லிஃப்ட் சர்வீஸ் பார்க்கிறவன். ஒரு நாளைக்கு ஆறேழு கட்டடம். சென்னையில் லிஃப்ட் என்றால் மூன்று பக்கமும் கண்ணாடி, உச்சிக்கு நேர் மேலே விளக்கு. முடி கொட்டத் தொடங்கிய வருஷத்தில் என் தலையை நான் பார்த்ததைவிட என்னோடு ஏறி இறங்கிய குடியிருப்புக்காரர்கள் அதிகம் பார்த்திருப்பார்கள். லிஃப்ட் கூண்டின் கூரைமேல் ஏறி நின்று வேலை செய்யும்போது மட்டும் நிம்மதி. அங்கே ஹெல்மெட் கட்டாயம், இருட்டு, யாரும் இல்லை. ஆனால் வேர்க்கும். வேர்வை பசைக்கு ஆகாது. போன சித்திரையில் வேளச்சேரியில் ஒரு வீட்டு அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தபோது முன்பக்கத்தில் ஓர் ஓரம் மெல்லப் பிரிந்து எழுந்தது. எனக்குத் தெரிந்தது, அவருக்குத் தெரிந்ததா என்பது இன்றுவரை தெரியாது. நெற்றியைத் தேய்க்கிற மாதிரி இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கதவு ஏன் பாதியில் திறந்துகொள்கிறது என்று ஐந்து நிமிஷம் விளக்கினேன். தலைவலியா தம்பி, காபி போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அந்தப் பக்கம் சர்வீஸ் வந்தால் இப்போது வேறு ஆளை அனுப்பிவிடுகிறேன்.

இதெல்லாம் ஒரு பயமா என்று கேட்டால் பயமில்லை. எரிச்சலும் இல்லை. ஷூவுக்குள் ஒரு சின்னக் கல் கிடக்கிற மாதிரி, நடக்கலாம், ஆனால் நடப்பதை மறக்க முடியாது. இருபத்து மூன்றில் கொட்டத் தொடங்கியது, இருபத்தாறில் முடிந்துவிட்டது. அம்மா சாத்தூரிலிருந்து போன் செய்யும்போதெல்லாம் சின்ன வெங்காயம் தேய்த்தாயா என்று கேட்பாள். தேய்த்தேன். அறை முழுக்க வெங்காய வாடை அடித்தது, ஜெபராஜ் ஒரு வாரம் மொட்டைமாடியில் படுத்தான். பிறகு பெண் பார்க்கத் தொடங்கினார்கள். நாலு இடம். போட்டோவைப் பார்த்துவிட்டு ஒரு வீட்டில் பையனுக்கு வயசு கூடவோ என்றார்கள், இன்னொரு வீட்டில் பெண்ணின் சித்தி இது இரண்டாந்தாரமா என்று தரகரிடம் விசாரித்தாள். தரகர் அதை அப்படியே அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டாம். அன்றைக்கு அம்மா சாப்பிடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருக்கன்குடிக்குப் போய், தாயே என் பிள்ளை தலையில் முடி முளைக்க வை, முளைத்த முடியை உனக்கே மொட்டை போட்டுக் கொடுத்துவிடுகிறேன் என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டு வந்துவிட்டாள். கேட்டதும் முடி, கொடுப்பதாகச் சொன்னதும் அதே முடி. இருக்கிற காயை வைத்தே குழம்பை முடிக்கிறவள் அவள். எனக்கு இது எதுவும் தெரியாது. அதே மாதம் நான் இந்த மாடிப்படியில் ஏறியிருந்தேன். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மா தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், என் தலையைப் பார்த்தாள், குடம் நிரம்பி வழிந்து காலை நனைத்தது. மாத்திரை சாப்பிட்டேன், வளர்ந்துவிட்டது என்றேன். ஒரு வருஷமாக மனப்பாடம் செய்த வாக்கியம் மாதிரி தடங்கல் இல்லாமல் வந்தது. அம்மா மாத்திரையை நம்பவில்லை. மாத்திரை என்பது ஒரு சாக்கு, கொடுத்தவள் அவள் என்றாள். அழுதுகொண்டே திருநீறு பூச வந்தாள், கை மேலே போய்விடப் போகிறதே என்று நான் குனிகிற மாதிரி பின்னால் நகர்ந்தேன். அப்போது அவளிடம் சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது. இதுவரை யாரிடமும் இல்லாத ஒரு சந்தோஷம் அந்த முகத்தில் இருந்தது, அதை நான் ஒட்டிவைத்திருந்தேன்.

அதற்கப்புறம்தான் மாரீஸ்வரி. அஞ்சாவது இடம். சாத்தூரில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். பெண் பார்த்த அன்று இரண்டு பேரையும் மாடிக்கு அனுப்பினார்கள். காற்று அடித்தது, நான் தண்ணீர்த் தொட்டிச் சுவரோடு முதுகை ஒட்டி நின்றுகொண்டேன். வெயிலுக்கு வாங்க, ஏன் அங்கேயே நிற்கிறீர்கள் என்றாள். இங்கேயே நன்றாக இருக்கிறது என்றேன். லிஃப்ட் அறுந்து விழுமா என்று கேட்டாள். விழாது, ஒரு கயிறு போனாலும் மற்ற கயிறுகள் தாங்கும், எல்லாமே போனாலும் கவ்விப் பிடிக்கிற ஒரு பொறி இருக்கிறது என்று சொன்னேன். அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். அந்த மாதிரி கேட்கிற ஆள் எனக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை. இரண்டு வாரம் கழித்துப் போனில், உங்களுக்கு முடி நல்லா இருக்கு என்றாள். என்னுடையது இல்லை என்று சொல்ல அதைவிட நல்ல இடம் இனிக் கிடைக்காது. தேங்க்ஸ் என்றேன். முட்டாள்தனமாக, கடையில் சட்டையைப் பாராட்டினால் சொல்கிற மாதிரி. கல்யாணத்துக்கு அப்புறம் சொல்லிக்கலாம் மாப்ள, தாலி கட்டினதுக்கு அப்புறம் எவளும் மயிருக்காகப் போக மாட்டா என்பது ஜெபராஜின் கட்சி. அவன் சொல்வது சரியாகவும் இருக்கலாம். அது சரியாக இருந்தால்தான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருக்கிறது. போக வழியில்லாத நேரமாகப் பார்த்துச் சொல்வது என்றால் அது என்ன சொல்வது. சரி, இப்போதே சொல்கிறேன் என்று வைத்துக்கொள்வோம். பத்திரிகை அடித்தாயிற்று. மண்டபம் பேசியாயிற்று. அவள் வேண்டாம் என்றால் அவள் வீட்டில் என்ன காரணம் சொல்வாள், மாப்பிள்ளைக்கு மண்டையில் முடியில்லை என்றா. சொன்னால் அவளைத்தான் திட்டுவார்கள். இப்படி நான் அவளுக்காக யோசிப்பது போல யோசித்துக்கொண்டே வருவேன், கடைசியில் சொல்லாமல் இருப்பதே அவளுக்கு நல்லது என்று முடியும். எந்தப் பக்கம் கிளம்பினாலும் அங்கேதான் வந்து நிற்கிறது.

மொட்டை வேறு. கல்யாணத்துக்கு மறுவாரம் வெள்ளிக்கிழமை, பெண் மாப்பிள்ளை இரண்டு பேரும் இருக்கன்குடிக்கு வந்துவிட வேண்டும் என்று அம்மா நாள் குறித்துவிட்டாள். கல்யாண போட்டோவுக்கு முடி வேண்டும் என்று நான் கெஞ்சியதால் அதுவரை அம்மனிடம் தவணை கேட்டிருக்கிறாள். வேலையில் விடமாட்டார்கள் என்றேன். அம்மனுக்கு முன்னால் வேலை என்ன வேலை என்றாள். எனக்கு நம்பிக்கை இல்லை என்றேன். உனக்கு இல்லாட்டி என்ன, எனக்கு இருக்கு என்றாள். இப்போது ஒரு மாதமாக முடியாது என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், காரணம் கேட்டால் போனை வைத்துவிடுகிறேன். மாரீஸ்வரியிடம் அம்மா வேண்டுதலின் நிஜக் காரணத்தைச் சொல்லவில்லை. பெண் வீட்டில் பழைய வழுக்கைக் கதை தெரியக் கூடாது அல்லவா. எனக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் விஷக்காய்ச்சல் வந்து பிழைத்து எழுந்ததாகவும், அதற்கு நேர்ந்துகொண்டதாகவும் சொல்லி வைத்திருக்கிறாள். நான் ஒட்டியது ஒரு பொய், அதன்மேல் அவள் ஒட்டியது ஒரு பொய். அந்த வெள்ளிக்கிழமையை நான் பலமுறை பார்த்துவிட்டேன். முடியிறக்கும் கொட்டகையில் மணை போட்டு உட்கார வைப்பார்கள். சவரம் செய்கிறவர் தண்ணீரைத் தெளித்துத் தேய்ப்பார், கை நிற்கும், என் முகத்தைக் குனிந்து பார்ப்பார். கத்தி முன்நெற்றியில், முடியைத் தைத்திருக்கிற வலை தொடங்குகிற இடத்தில் இடறும். அம்மா சந்தனக் கிண்ணத்தோடு நிற்பாள், மாரீஸ்வரி நிற்பாள், அவளுடைய அண்ணன் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருப்பான். முழுசாக ஒரே துண்டாக வந்துவிடும், பாய் இப்போது எடுத்துக்கொண்டு போனாரே அது மாதிரி. முந்தின நாளே ரகசியமாகக் கழற்றிவிட்டுச் சுற்றிவர மழித்துக்கொண்டு போய் நின்றால் என்ன என்றும் யோசித்தேன். மொட்டையில் வழுக்கை தெரியாது. மூன்று வாரம் நானும் எல்லோரையும் போல இருப்பேன். அதற்கப்புறம் ஓரங்களில் மட்டும் வளரும், மாரீஸ்வரி தினமும் பார்த்துக்கொண்டிருப்பாள், நடுவில் ஒன்றும் வராது.

கண்ணாடியில் இருப்பது அப்பாவின் மண்டை. இதை ஒத்துக்கொள்வதில் எனக்கு வருத்தமில்லை. அதே வடிவம், உச்சியில் லேசாகத் தட்டையாகி, காதுக்கு மேலே புடைத்து. மீசையும் அதே வெட்டு. பாய் கழுத்தில் போட்டுவிட்டுப் போன வெள்ளைத் துண்டோடு சேர்த்துப் பார்த்தால் இன்னும் மோசம். அப்பா முப்பது வருஷம் அரசுப் பேருந்து ஓட்டியவர். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவருக்கு முடி இல்லை, அதை அவர் ஒரு விஷயமாக எடுத்துப் பேசிக் கேட்டதும் இல்லை. குளித்துவிட்டு வந்து தலையில் தேங்காய் எண்ணெயை ஒரு தட்டுத் தட்டுவார், துண்டால் முகத்தைத் துடைக்கும்போது நிறுத்தாமல் அப்படியே பிடரிவரை துடைத்துக்கொண்டு போவார், முகம் எங்கே முடிகிறது தலை எங்கே தொடங்குகிறது என்ற கவலை அவருக்கு இருந்ததில்லை. அவர் காலத்தில் அந்தத் தலையோடு ஒருவருக்குப் பெண் கிடைத்தது, வேலை கிடைத்தது, ஒரு பேருந்து நிறைய ஜனங்கள் நம்பி ஏறினார்கள். எனக்கு என்ன குறைந்துபோயிற்று என்று தெரியவில்லை. பொங்கலுக்குப் போனபோது அம்மா அழுது முடித்து அடுப்படிக்குப் போன பிறகு அப்பா என்னை ஒருமுறை பார்த்தார். பேப்பரை மடித்துக்கொண்டே, வேர்க்காதாடா என்று கேட்டார். வேர்க்கும்பா என்றேன். அவ்வளவுதான் பேசினோம். அவருக்குத் தெரியும் என்பதும், அவர் அம்மாவிடம் சொல்லமாட்டார் என்பதும் எனக்கு ஒரே நேரத்தில் புரிந்தது. செவ்வாய்க்கிழமை அவர் சென்னைக்கு வருகிறார், இங்கே இருக்கிற சொந்தக்காரர்களுக்குப் பத்திரிகை வைக்க. இரண்டு நாள் எங்களோடு தங்குவார். ஜெபராஜ் இப்போதே வீட்டைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருக்கிறான்.

செல்போனை எடுத்தேன். எழுதிவிடலாம், பேசுவதைவிட அது சுலபம். மாரீஸ்வரி, ஒரு விஷயம் சொல்லணும் என்று எழுதினேன். இப்படித் தொடங்கினால் வேறு பெண் யாரோ இருப்பதாக நினைத்துக்கொள்வாள். அழித்தேன். எனக்கு முடி என்று எழுதினேன். அடுத்த சொல் வரவில்லை. இல்லை என்று எழுதினேன். மூன்று சொல்லில் ஒரு விஷயம் இவ்வளவு கேவலமாக இருக்கும் என்று தெரியாமல் போயிற்று. அழித்தேன். உங்களிடம் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும் என்று தொடங்கி ஒரு பத்தி எழுதினேன், படித்துப் பார்த்தால் புகார் மனு மாதிரி இருந்தது, அதையும் அழித்தேன். பத்து நிமிஷம் இப்படியே போயிருக்கும். நான் எழுதி எழுதி அழிப்பது அந்தப் பக்கம் தெரியும் என்பது எனக்கு மறந்துவிட்டது. போன் அதிர்ந்தது. வீடியோ அழைப்பு, அவள்தான். துண்டிக்கத்தான் போனேன், எழுதிக்கொண்டிருந்த கட்டைவிரல் அதே வேகத்தில் பச்சையின் மேல் பட்டுவிட்டது.

முதலில் அவள் முகம் கட்டம் கட்டமாக உடைந்து வந்தது, பிறகு தெளிந்தது. வீட்டில் இருக்கிறாள், குளித்துவிட்டு வந்திருப்பாள் போல, முடி முன்பக்கம் தோளில் கிடந்தது. என்னைப் பார்த்தாள். சட்டென்று சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மாமா, எப்ப வந்தீக? செவ்வாக்கெழமதான் வாரீகன்னு அத்தை சொன்னாக?"

இந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு சொல்தான். அதற்கு மாறாக என் தொண்டை தானாகவே செருமிக்கொண்டது, இன்னைக்குக் காலையிலதாம்மா என்று ஒரு குரல் வந்தது, அது அப்பாவின் குரல். இவ்வளவு பக்கத்தில் அது எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. அவுக எங்கே, ஏதோ டைப் பண்ணிக்கொண்டே இருந்தாகளே என்று கேட்டாள். இப்போதான் குளிக்கப் போனான் என்றேன். சாப்பிட்டீகளா என்றாள், ஆயிற்று என்றேன். சளி பிடித்திருக்கிறதா, குரல் கம்முகிறதே, வெந்நீர் குடியுங்கள் என்றாள். சரிம்மா என்றேன். அவள் என்னிடம் இப்படிப் பேசியதே இல்லை. என்னிடம் பேசும்போது அடுத்த வார்த்தையை எங்கே வைப்பது என்று பார்த்துப் பார்த்து வைப்பாள். இப்போது ஒரு தயக்கமும் இல்லை. இந்தத் தலையோடு இருக்கிற ஒரு ஆளை அவளால் இவ்வளவு சகஜமாகப் பார்க்க முடிகிறது, ஏனென்றால் அது நான் இல்லை. போனை வைத்துவிடலாம் என்று நினைத்தேன். அவள் ஒருமுறை பின்னால் திரும்பி யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"அவுக இல்லாதப்பவே ஒண்ணு சொல்லிருதேன் மாமா. மொட்டை விசயமா அத்தை ரொம்ப வெசனப்படுதாக. அவுக முடியாதுன்னே நிக்காகளாம். காய்ச்சல்ல கிடந்து எந்திரிச்ச ஆளு, தலையில கத்தி வைக்க மனசுக்கு ஒப்பலையோ என்னமோ. கட்டாயப்படுத்த வேண்டாம். நான் போட்டுக்கிடுதேன்."

அவள் நான் தயங்குவதாக நினைத்துக்கொண்டாள்.

"வேண்டுதல்தான மாமா, நம்ம குடும்பத்துத் தலைதான, யாரு தலையா இருந்தா என்ன. எனக்குச் சீக்கிரம் வளந்துரும். அத்தைகிட்ட நீங்கதான் எடுத்துச் சொல்லணும். அவுககிட்டச் சொல்லாதீக, வேண்டாம்பாக."

என் மனம் உடனே சம்மதித்தது. இதை மறைத்துப் பயனில்லை. அவள் பேசி முடிப்பதற்குள்ளாகவே அது எல்லாவற்றையும் அடுக்கி வைத்துவிட்டது. அம்மனுக்கு முடி போய்விடும், அம்மாவுக்கு நிம்மதி, கொட்டகையில் மணை போட்டு உட்கார்வது நான் இல்லை, மூன்று வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டதாகச் சொல்லிக்கொண்டால் வாழ்நாள் முழுக்க ஓட்டிவிடலாம். நான் செய்ய வேண்டியதெல்லாம் அப்பாவின் குரலில் சரிம்மா, நான் சொல்லிக்கிடுதேன் என்பது மட்டும்தான். வாய் அதற்குத் தயாராகக்கூட இருந்தது. அப்போது அவள் தோளில் கிடந்த முடியைக் கையில் எடுத்து ஒருமுறை பார்த்தாள். வருத்தமாகப் பார்க்கவில்லை, தைக்கக் கொடுக்கிற துணி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டுப் பின்னால் தள்ளினாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆறு வருஷமாக நான் வெட்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தது வேறு ஏதோ. இது தலையில் இல்லை.

"மாரீஸ்வரி, அப்பா வரல. நான்தான்."

அவளுக்குப் புரியவில்லை. என்ன மாமா என்றாள். நான் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன், திரையும் விளக்கும் நாற்காலியும் தெரிகிற மாதிரி. என் குரலிலேயே திரும்பவும் சொன்னேன். முடி எனக்கு மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே போய்விட்டது, நீங்கள் பார்த்தது ஒட்டியது, இப்போது உள்ளே ஊறிக்கொண்டிருக்கிறது என்றேன். காய்ச்சல் என்றாள், அதை ஒரு கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை. காய்ச்சலும் இல்லை என்றேன். அவள் போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள், கண்ணும் மூக்கும் மட்டும் தெரிந்தன. என் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு நேரம் யாரும் என் தலையைப் பார்த்ததில்லை. கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்கிற மாதிரி இதில் திருப்பிக்கொள்ள முடியவில்லை. கடைசியில் அவள் பேசியது தலையைப் பற்றி இல்லை.

"இவ்வளவு நேரம் மாமா மாமான்னு பேசுனேன். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான இருந்தீக?"

ஆமா என்றேன்.

படம் ஆடியது, சாய்ந்தது, பிறகு அசையாமல் நின்றது. போனை எதன்மேலோ வைத்துவிட்டாள். இப்போது எனக்குத் தெரிவது அவள் வீட்டுக் கூரையும் அதில் சுற்றிக்கொண்டிருக்கிற ஒரு மின்விசிறியும்தான். அழைப்பைத் துண்டிக்கவில்லை. மேலே ஓரத்தில் நிமிஷமும் விநாடியும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவள் அந்த அறையில்தான் இருக்கிறாளா, எழுந்து போய்விட்டாளா என்று தெரியவில்லை. ஒரு பாத்திரம் நகர்கிற சத்தம் கேட்டது. திரையை விலக்கிக்கொண்டு சாதிக் பாய் வந்தார், கையில் முடி, அலசிக் காய்ந்து பஞ்சாக இருந்தது. ஒட்டிடலாமா சார் என்றார். இருங்க பாய் என்று கையைக் காட்டினேன். அவர் போனையும் என்னையும் பார்த்துவிட்டுத் திரையை மூடிக்கொண்டு போனார். நான் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு நிமிஷம் ஆயிற்று, ஐந்து ஆயிற்று. அவள் அம்மாவாக இருக்க வேண்டும், அடுப்படியிலிருந்து வருகிற குரல், போன் பேசாமல் கிடக்கிறதே, அதில் யாருடி என்று கேட்டது. இன்னொரு முறை கேட்டது. பிறகு எங்கேயோ பக்கத்திலிருந்துதான் மாரீஸ்வரியின் குரல் வந்தது.

"அவுகதான்."